கதவைத் தட்டாத பதிவுத் தபால்



பிரான்ஸ் நாட்டின் அஞ்சல் நிறுவனமான லா போஸ்த் வழங்கிவரும் மின்னணுப் பதிவஞ்சலை, அதைப் பயன்படுத்தும் எளிய மக்களுக்கு ஏற்றதாக எவ்வாறு திருத்தி அமைக்கலாம் என்பதே இன்றைய உரையின் பொருள். தொலைதூர நாடொன்றின் தபால் முறை தமிழ் அவைக்கு எதற்கு என்று ஐயுறுவோர் இருக்கலாம். பாரிஸ் மாநகரின் லா ஷப்பல் வட்டாரத்தில் வாழ்வை நாட்டிக்கொண்ட ஈழத்தமிழருக்கும், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழ்ந்துவரும் குடும்பங்களுக்கும் அது வீட்டு விவகாரம். அதுமட்டுமன்று, இந்திய அஞ்சல் துறையும் தன் பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்ட நிலையில், பதிவுத் தபால் என்ற அமைப்பின் உயிர் எதில் இருக்கிறது என்ற கேள்வி இங்கும் எழுந்தே தீரும்.

அவ்வுயிர் எதில் இருக்கிறது? காகித உறையை ஓரூரிலிருந்து இன்னோரூருக்குக் கொண்டு சேர்ப்பதிலா? அந்தப் பணியைச் சாதாரணத் தபாலும் செய்கிறது. விரைவிலா? பதிவுத் தபால் விரைவுக்காக மதிக்கப்பட்டதே இல்லை. அனுப்பியவர் இன்ன நாளில் அனுப்பினார், பெறுநர் இன்ன நாளில் கையொப்பமிட்டு வாங்கினார் அல்லது வாங்க மறுத்தார் என்று, இருவருக்கும் பொதுவான, இருவரில் எவர் பக்கமும் சாயாத மூன்றாம் ஆள் ஒருவர் சொல்லும் சாட்சியமே பதிவுத் தபாலின் உயிர். பிரெஞ்சு மக்கள் ‘ரெக்கொமாந்தே’ என்று அழைக்கும் இந்தக் கடிதம் இல்லாமல், பிரான்சில் வேலை நீக்க அறிவிப்போ, வாடகை வீட்டைக் காலி செய்யும் அறிவிப்போ, ஒப்பந்த முறிவோ பெரும்பாலும் நடைபெறுவதில்லை. கடனைத் திருப்பிக் கேட்டு வரும் கடிதமும் அதுவே, வழக்குக்கு முந்தைய இறுதி எச்சரிக்கையும் அதுவே. ஆகவே அங்கே தபால்காரர் கொண்டுவரும் கடிதங்களில் அச்சத்தோடு பிரிக்கப்படுவது எது என்று கேட்டால் இதையே சொல்லவேண்டும்.

இனி, மின்னணுப் பதிவஞ்சல் என்ற சொல்லால் குறிக்கப்படும் பொருளைத் தெளிவாகப் பிரித்தறிதல் வேண்டும், ஏனெனில் லா போஸ்த் வழங்கும் சேவைகளில் ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு உள்ளன. இணையத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தை அஞ்சல் நிறுவனமே அச்சிட்டு உறையிலிட்டுத் தபால்காரர் கையில் கொடுத்தனுப்புவது ஒரு வகை. இதில் அனுப்புநரின் அலைச்சல் மட்டுமே குறைகிறது, பெறுநருக்கு எதுவும் மாறுவதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை காகிதமே இல்லாமல், மின்னஞ்சல் வழி அறிவிப்பும் இணையத்தின் வழி ஏற்பும் மின்னணுச் சான்றும் கொண்டு இயங்குவது இன்னொரு வகை. உரை எடுத்துக்கொள்வது இந்த இரண்டாம் வகையையே.

இதன் சட்ட அடித்தளம் வலிமையானது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஜூலை 23 அன்று இயற்றி, 2016 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 910/2014 எண்ணுள்ள ஒழுங்குவிதி, தகுதிபெற்ற மின்னணுப் பதிவஞ்சலுக்கு உரிய நிபந்தனைகளைத் தன் 44ஆம் பிரிவில் வகுத்தது. அனுப்புநர் யார் என்பது உறுதியாக அறியப்பட வேண்டும்; கடிதத்தைக் கையளிக்கும் முன் பெறுநர் யார் என்பதும் உறுதி செய்யப்பட வேண்டும்; கடிதத்தில் ஓர் எழுத்து மாறினாலும் மாறியது வெளிப்பட்டுவிடும்படி அதன்மீது மின்னணு முத்திரை இடப்பட வேண்டும்; அனுப்பிய நேரமும் பெற்ற நேரமும் நேர முத்திரையால், அதாவது ஒரு கோப்பு இன்ன நொடியில் இன்ன வடிவில் இருந்தது என்று நம்பத்தக்க ஒருவர் பதிந்து பூட்டும் முறையால், குறிக்கப்பட வேண்டும். பிரான்ஸ் 2016 அக்டோபர் 7ஆம் நாளிட்ட எண்ணியல் குடியரசுச் சட்டத்தால், இந்நிபந்தனைகளை நிறைவேற்றும் மின்னணுப் பதிவஞ்சல் காகிதப் பதிவுத் தபாலுக்கு நிகரானது என்று அறிவித்தது. 2018 மே 9ஆம் நாளிட்ட ஆணை அதன் நடைமுறைகளை வகுக்க, 2019 ஜனவரி 1 முதல் அது செயலுக்கு வந்தது. தபால் நிறுவனத்துக்கு இதில் அக்கறை ஏன் என்பதையும் எண்ணிக்கையே சொல்லும்: 2008இல் லா போஸ்த் சுமந்த கடிதங்கள் சுமார் 1,800 கோடி, 2020இல் அது சுமார் 750 கோடியாகச் சுருங்கியது.

சட்டம் வலிமையானது, பூட்டு வலிமையானது, முத்திரை வலிமையானது. ஆனால் பயனர் யார்? இந்தச் சேவையின் குறைகள் அனைத்தும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கட்டணம் செலுத்துபவர் அனுப்புநர் ஆதலால், அவர் திரை அழகாக இருக்கிறது, அவர் பணி சில நிமிடங்களில் முடிகிறது, ஒரே நேரத்தில் ஆயிரம் கடிதம் அனுப்பும் நிறுவனத்துக்குத் தனி வசதியும் இருக்கிறது. பெறுநரோ இந்தச் சேவையைக் கேட்டவர் அல்லர், அதற்குக் காசு கொடுத்தவரும் அல்லர். ஆயினும் கடிதத்தின் விளைவு அவர் தலைமீதுதான் இறங்குகிறது. சேவையைத் திருத்த விரும்புவோர் பெறுநரின் வாசலிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே இவ்வுரையின் வாதம்.

பெறுநரின் வாசலில் நடப்பது என்ன? காகிதப் பதிவுத் தபாலில் தபால்காரர் படியேறி வருகிறார், அழைப்புமணியை அழுத்துகிறார், ஆள் இல்லையென்றால் அறிவிப்புச் சீட்டு ஒன்றை வைத்துச் செல்கிறார், கடிதமும் 15 நாள் அஞ்சலகத்தில் காத்திருக்கிறது. மின்னணுப் பதிவஞ்சலில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. ஒரு பதிவுக் கடிதம் காத்திருக்கிறது, அறிவிப்பு அனுப்பிய மறுநாளிலிருந்து 15 நாளுக்குள் அதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம் என்று அது சொல்கிறது. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை. பெயர் தெரிந்தால் வேண்டியவர் கடிதத்தை மட்டும் வாங்கி வேண்டாதவர் கடிதத்தைத் தவிர்த்துவிடுவார்கள் என்பதால், ஏற்கும் வரை அனுப்புநரின் அடையாளத்தைப் பெறுநருக்குத் தெரிவிக்கக் கூடாதென்று 2018ஆம் ஆண்டு ஆணையே விதித்திருக்கிறது.

இந்த மின்னஞ்சலைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து, அஞ்சல் நிறுவனத்தின் பெயரில், காலக்கெடுவோடு, உடனே வந்து அடையாளத்தைக் காட்டுங்கள் என்று கேட்கும் ஒரு செய்தி. இதே உருவத்தில்தான் மோசடிச் செய்திகளும் வருகின்றன! பார்சல் காத்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்தினால் வந்து சேரும் என்று தபால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வரும் பொய்க் குறுஞ்செய்திகளால் பிரான்சில் எத்தனையோ பேர் ஏமாற்றப்பட்டுள்ளனர். அறிமுகமில்லாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று அரசும் வங்கிகளும் ஓயாமல் எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கையை மதித்து நடக்கும் எச்சரிக்கையான குடிமகன்தான் உண்மையான பதிவுக் கடிதத்தையும் குப்பையில் தள்ளிவிடுகிறான். நல்ல பழக்கத்தைக் கைக்கொண்டவன் அதனாலேயே இழப்புக்கு ஆளாகும் ஓர் அமைப்பை நல்ல அமைப்பு என்று எவ்வாறு கூற இயலும்?

மாற்று வழி தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்டதன்று. அறிவிப்பு மின்னஞ்சலில் தொடத்தக்க இணைப்பே இருக்கலாகாது. அஞ்சல் நிறுவனத்தின் தளத்துக்குத் தாமே சென்று, அறிவிப்பில் உள்ள எண்ணைத் தட்டச்சு செய்து பாருங்கள் என்று மட்டும் அது சொல்லவேண்டும். அந்த எண்ணை அஞ்சலக முகப்பில் காட்டியும், தொலைபேசியில் கேட்டும், உண்மையான கடிதம்தானா என்று உறுதிசெய்துகொள்ள வழி இருக்கவேண்டும். அனுப்புநர் பெயரை மறைப்பதில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஏற்பதற்குரிய கடைசி நாளையும், ஏற்காமல் விட்டால் கடிதத்தைக் காணாமலே கெடு கடந்துபோகும் என்பதையும் பளிச்சென்று சொல்வதற்கு எந்த ஆணையும் தடையில்லை. அதைப் பெறுநர் தேர்ந்தெடுத்த மொழியில் சொல்வதற்கும் தடையில்லை. லா ஷப்பலில் மளிகைக்கடை நடத்தும் பெரியவர் ஒருவருக்குப் பிரெஞ்சுச் சட்டச் சொற்கள் புரிவது கடினம் எனினும், தமிழில் இரண்டே வரி எழுதியிருந்தால், அன்று மாலையே படித்த பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு விவரம் கேட்டுவிடுவார்.

அவையோரே! லா போஸ்த்திடம் எந்தத் தனியார் நிறுவனத்திடமும் இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது. வாரத்தில் 6 நாள் நாடெங்கும் வீடு வீடாகச் செல்லும் தபால்காரரே அச்செல்வம். மின்னணுப் பதிவஞ்சலை நடத்தத் தகுதிச் சான்று பெற்ற தனியார் நிறுவனங்களும் பிரான்சில் உண்டு; கணினியும் முத்திரையும் அவர்களிடமும் உண்டு; ஆனால் படியேறி வரும் மனிதர் அவர்களிடம் இல்லை. அப்படியிருக்க, மின்னணு அறிவிப்பு அனுப்பி ஒரு வாரம் வரை அது ஏற்கப்படவில்லையெனில், பழைய அறிவிப்புச் சீட்டையே தபால்காரர் வழியாகப் பெறுநரின் கடிதப்பெட்டியில் சேர்ப்பித்தால் என்ன? கடிதம் மின்னணுவாகவே இருக்கட்டும். அழைப்பு மட்டும் காகிதத்தில் வரட்டும். கதவைத் தட்டும் அந்த ஒரு செயலால், மோசடி அச்சம் நீங்கும், மறந்துபோன மின்னஞ்சல் முகவரியால் வரும் கேடு நீங்கும், அனுப்புநருக்கும் கடிதம் சென்று சேரும் வாய்ப்பு கூடும்.

அனுப்புநருக்கும் என்று சொன்னதில் பொருள் உண்டு. பெறுநரின் வாசலைத் திருத்தினால் நன்மை அடைபவர் பெறுநர் மட்டும் அல்லர் என்பதற்கு வாடகைதாரர் ஒருவரின் நிலையை எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 668ஆம் பிரிவு, தபால் வழி அறிவிப்புக்கு இரண்டு நாள்களைக் கொள்கிறது: அனுப்புநரைப் பொறுத்தவரை அனுப்பிய நாள், பெறுநரைப் பொறுத்தவரை பெற்ற நாள். 1989 ஜூலை 6ஆம் நாளிட்ட வாடகைச் சட்டமோ, வீட்டைக் காலி செய்யும் அறிவிப்புக் காலம் பதிவுக் கடிதம் பெறப்பட்ட நாளிலிருந்தே ஓடும் என்கிறது. மேசை நாற்காலி முதலியன இல்லாத வெற்று வீட்டுக்கு அக்காலம் பொதுவாக 3 மாதம், வீட்டுத் தட்டுப்பாடு மிகுந்த நகரங்களில் 1 மாதம். இப்போது, வீட்டு உரிமையாளர் முன்னரே ஒப்புக்கொண்டிருந்ததால் வாடகைதாரர் ஜூன் 1 அன்று மின்னணுப் பதிவஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் மின்னஞ்சலைக் காணவில்லை. ஜூன் 2 முதல் 16 வரை 15 நாள் கழிகிறது. ஏற்கப்படவில்லை என்ற சான்று மறுநாளுக்குள் வாடகைதாரரை வந்தடைகிறது. ஏறத்தாழ அரை மாதம் போய்விட்டது. அறிவிப்புக் காலமோ இன்னும் தொடங்கவே இல்லை. அவர் மீண்டும் காகிதக் கடிதத்தில் தொடங்கவேண்டும். அந்த அரை மாதத்து வாடகை அவர் கையை விட்டுப் போகும். ஏழாம் நாளே அறிவிப்பு இன்னும் ஏற்கப்படவில்லை என்று அனுப்புநருக்கு ஒரு செய்தி சென்றிருந்தால், அன்றே அவர் வேறு வழி தேடியிருக்க மாட்டாரா?

அடுத்தது அடையாளம். சட்டம் கேட்பது போலப் பெறுநரை உறுதியாக அறிவதற்கு, லா போஸ்த் தன் எண்ணியல் அடையாளச் சேவையைப் பயன்படுத்துகிறது. 2020இல் அது நாட்டின் தகவல் பாதுகாப்பு முகமையிடமிருந்து உரிய சான்று பெற்றது. திறன்பேசி உடையவருக்கும் அடையாள ஆவணம் ஒழுங்காக உள்ளவருக்கும் இது எளிது. ஆனால் பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்ஸே, 2021ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி, மக்களில் சுமார் 15 விழுக்காட்டினர் கணினி இணையப் பயன்பாட்டில் எழுத்தறிவற்றோர் நிலையில் உள்ளனர். அவர்கள் வீட்டுக்கதவில் கையொப்பமிட்டுக் கடிதம் வாங்கத் தெரிந்தவர்கள். எண்ணியல் அடையாளம் என்ற வாயிலில் தயங்கி நிற்பவர்கள். அவர்களுக்கு அஞ்சலக முகப்பே வாயிலாக இருக்கவேண்டும்: அடையாள அட்டையைக் காட்டினால், அங்கேயே கடிதத்தை அச்சிட்டுக் கையில் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

இது வெறும் ஆசையன்று என்பதைப் போலந்து நாடு காட்டுகிறது. 2020 நவம்பர் 18ஆம் நாளிட்ட சட்டத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல் அங்கே அரசு அலுவலகங்களுக்கான மின்னணுப் பதிவஞ்சல் தொடங்கியபோது, நாட்டின் அஞ்சல் நிறுவனத்துக்கு இரட்டைக் கடமை விதிக்கப்பட்டது. பெறுநருக்கு மின்முகவரி இருந்தால் கடிதம் அங்கே போகும்; இல்லையெனில் அதே கடிதத்தை அஞ்சல் நிறுவனமே அச்சிட்டு உறையிலிட்டுத் தபால்காரர் வழி அனுப்பும். எழுதும் அலுவலர் ஒரே ஒரு முறை எழுதினால் போதும். வாங்குபவர் தமக்கு இயன்ற வழியில் வாங்கிக்கொள்வார். மின்னணுவா காகிதமா என்ற சுமையைக் குடிமகன் தோளில் ஏற்றாமல் நிறுவனத்தின் தோளில் ஏற்றிய இந்த அமைப்பு பிரான்சுக்கும் பொருந்தும்.

இத்தாலி வேறு பாதையில் சென்றது. 2005 பிப்ரவரி 11ஆம் நாளிட்ட ஆணையால் சட்ட வடிவம் பெற்ற அதன் சான்றுறு மின்னஞ்சலில், பெறுநரின் பெட்டிக்குள் கடிதம் வந்து விழுந்தாலே சேர்ந்ததாகக் கொள்ளப்படும். திறந்தாரா, படித்தாரா என்ற கேள்வி இல்லை. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் 13ஆம் பிரிவில், பெறுநர் குறித்துக்கொடுத்த கணினி அமைப்புக்குள் மின்பதிவு நுழைந்ததையே பெற்ற நேரமாகக் கொள்வதும் இக்கருத்துக்கு அருகில் உள்ளது. வணிக நிறுவனங்களுக்கும் தொழில்முறை வல்லுநர்களுக்கும் இத்தகைய பெட்டியை வைத்திருப்பது இத்தாலியில் கட்டாயம் ஆகையால், அவர்களிடையே அது வேரூன்றியது. நாள்தோறும் பெட்டியைப் பார்க்கும் பணியாளர் உள்ள நிறுவனத்துக்கு இவ்விதி நியாயமானது. மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு முதியவருக்கு இதே விதி கொடுமையானது. ஜெர்மனியோ 2011இல் தனிச்சட்டம் இயற்றி ‘டி-மெயில்’ என்ற சேவையைத் தொடங்கியது. வாங்குவோர் வராததால் அனுப்புவோரும் வரவில்லை. அதை வழங்கிய பெரும் நிறுவனமான டாய்ச் டெலிகாம் 2022 ஆகஸ்ட் இறுதியோடு சேவையை நிறுத்திக்கொண்டது. பெறுநரை மறந்து கட்டப்பட்ட சேவை தானே தளர்ந்துபோகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஒப்புதல் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. தொழில்முறையாளர் அல்லாத எவருக்கும் அவருடைய ஒப்புதல் இல்லாமல் மின்னணுப் பதிவஞ்சல் அனுப்பக்கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம்; நல்ல சட்டம். ஆனால் அந்த ஒப்புதல் எங்கே பெறப்படுகிறது? வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், காப்பீட்டுப் படிவத்தின் சிற்றெழுத்துகளில், குறியிட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்பதுபோல் தோன்றும் ஒரு சிறு கட்டத்தில் பெறப்படலாம். ஐந்தாண்டுக்கு முன் எவரெவருக்கு ஒப்புதல் கொடுத்தோம், எந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தோம் என்று நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்? போதாததற்கு, அடுக்குமாடி வீட்டுரிமையாளர்களின் கூட்டு நிர்வாகத்தில் 2024 ஏப்ரல் 9ஆம் நாளிட்ட சட்டம், மின்வழி அறிவிப்பையே இயல்பான வழியாக்கி, காகிதம் வேண்டுவோர்தாம் கேட்டுப் பெறவேண்டும் என்று நிலையைத் தலைகீழாக்கிவிட்டது. காலம் செல்லும் திசை இது. ஆகவே ஒவ்வொரு பயனருக்கும் தம் ஒப்புதல்கள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் காணவும், முகவரியை மாற்றவும், வேண்டாதபோது திரும்பப் பெறவும் ஓர் ஏடு லா போஸ்த் கணக்கில் இருக்கவேண்டும். ஒப்புதல் அனுப்புநரிடம் கொடுக்கப்படுகிறது என்பதால் அதன் சாவியும் அனுப்புநரிடமே கிடப்பது முறையாகாது.

இறுதியாகச் சான்றின் ஆயுள். அனுப்பியதற்கும் ஏற்றதற்கும் மறுத்ததற்கும் உரிய சான்றுகளைச் சேவை நிறுவனம் குறைந்தது ஓராண்டு காத்து வைக்கவேண்டும் என்று 2018ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. ஆனால் 2008ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின், பிரான்சில் உரிமையியல் வழக்குத் தொடுப்பதற்கான பொதுக் காலவரையறை 5 ஆண்டு. நான்காம் ஆண்டில் வழக்கு வந்தால், சட்டம் கேட்ட ஓராண்டோடு கைகழுவிய நிறுவனத்திடம் சான்று எங்கே இருக்கும்? கூடுதல் காலம் காப்பது நிறுவனத்தின் பெருந்தன்மையாக இருக்கலாகாது. வழக்குக் காலம் எவ்வளவோ அவ்வளவும் சான்றின் ஆயுளாக ஆணையிலேயே எழுதப்படவேண்டும், அச்சான்றை இரு தரப்பாரும் கட்டணமின்றி எடுக்க முடியவேண்டும். 2024இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒழுங்குவிதி, உறுப்பு நாடுகள் தம் குடிமக்களுக்கு எண்ணியல் அடையாளப் பணப்பையை, அதாவது அடையாளத்தையும் ஆவணங்களையும் திறன்பேசியில் வைத்துக்கொள்ளும் செயலியை, வழங்கவேண்டும் என்று விதித்திருப்பதால், சான்றுகளைப் பெறுநரே தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழியும் இனித் திறக்கலாம்.

அந்நாள் வரும் வரை, பிரான்சில் உறவினரும் வீடும் வழக்கும் உடைய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் மின்னணுப் பதிவஞ்சலுக்கு ஒப்புதல் கேட்கும் கட்டத்தில் குறியிடும் முன், எந்த முகவரி எழுதப்படுகிறது என்று பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அந்த முகவரியை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். அனுப்பினாலும் பெற்றாலும், சான்றுக் கோப்பை அன்றே இறக்கி இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அச்சிட்டு வைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மின்னணு முத்திரை கோப்பில்தான் இருக்கிறது, அச்சிட்ட தாளில் இல்லை.